குற்றவாளி இல்லாத வழக்கு: அர்னால்துர் இந்த்ரிதாசனின் எர்லெந்துர் புதினங்களில் குடும்ப இழப்பும் துப்பறிதலும்

முன்னுரை

துப்பறியும் புதினம் தன் வாசகருக்கு அளிக்கும் உறுதி எளியது. ஒரு குற்றம் நிகழ்ந்துள்ளது. அதைச் செய்தவர் ஒருவர் உண்டு. அவர் யார் என்பது நூல் முடிவதற்குள் தெரிந்துவிடும். புலனாய்வாளரின் சொந்தக் குடும்பத் துயரம் கதைக்குள் நுழையும்போதும் இவ்வுறுதி பெரும்பாலும் மாறுவதில்லை. தாயைக் கொன்றவர் யார், தந்தை ஏன் மறைந்தார் என்பன போன்ற வினாக்கள் நிகழ்கால வழக்கோடு பின்னப்பட்டு, இரண்டும் ஒரே முடிச்சாக அவிழ்கின்றன. சோஃபக்ளீசின் ஈடிப்பசு நாடகம் இவ்வமைப்பின் மிகப் பழைய முன்மாதிரி. நாட்டைப் பீடித்த கொள்ளைநோய்க்குக் காரணமான கொலைகாரனைத் தேடும் அரசன், தேடலின் முடிவில் தன்னையே கண்டடைகிறான். அங்கே குடும்பத்தின் கடந்த காலமே விடை.

ஐஸ்லாந்து எழுத்தாளர் அர்னால்துர் இந்த்ரிதாசன் (பி. 1961) படைத்த எர்லெந்துர் புதின வரிசை இம்மரபிலிருந்து ஓர் இன்றியமையாத இடத்தில் விலகுகிறது. ரேக்யவிக் நகரக் காவல்துறையின் புலனாய்வாளர் எர்லெந்துர் ஸ்வேய்ன்சன் பத்து வயதில் தந்தையோடும் எட்டு வயதுத் தம்பி பெர்கூரோடும் கிழக்கு ஃபியோர்டுப் பகுதியின் மலைமேட்டில் பனிப்புயலில் சிக்கினார். தந்தை தட்டுத்தடுமாறி வீடு திரும்பினார். எர்லெந்துரைத் தேடுவோர் பனிக்குள்ளிருந்து மீட்டனர். பெர்கூர் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. புயலின் நடுவே தம்பியின் கை தன் கையிலிருந்து நழுவியது என்னும் நினைவு எர்லெந்துரை வாழ்நாள் முழுதும் விடுவதில்லை. இவ்விழப்பில் கொலை இல்லை, குற்றவாளி இல்லை, மறைக்கப்பட்ட உண்மை எதுவும் இல்லை. துப்பறியும் வடிவத்தின் கருவிகள் எவையும் பற்றிக்கொள்ள இடமற்ற ஓர் இழப்பைத் துப்பறியும் புதினத்தின் நடுவில் வைக்கும்போது அவ்வடிவத்திற்கு என்ன நேர்கிறது என்பதே இக்கட்டுரையின் வினா. பெர்னார்டு ஸ்கடர், விக்டோரியா கிரிப் ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் வழியாக இப்புதினங்கள் இங்கு அணுகப்படுகின்றன.

குடும்பமற்ற துப்பறிவாளரும் குடும்பமுடைய துப்பறிவாளரும்

துப்பறிவாளர் தம் தொடக்கத்தில் குடும்பமற்றவர். எட்கர் ஆலன் போவின் தூப்பே (1841), கோனன் டாயிலின் ஷெர்லாக் ஹோம்ஸ் (1887) ஆகியோருக்குப் பிறர் வீட்டு மறைவுகளே பொருள். தம் வீட்டில் மறைவென ஒன்று இருந்ததாகக் கதை சொல்வதில்லை. தமிழிலும் நிலை வேறன்று. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் புகழ்பெற்ற துப்பறிவாளருக்குத் திகம்பர சாமியார் என்றே பெயர். துறவியின் பெயர் தாங்கியவரே இல்லறங்களின் கமுக்கங்களை வெளிக்கொணர்கிறார் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் அப்பெயர் ஒரு வடிவத்தின் இலக்கணத்தையே சுட்டிவிடுகிறது. விசாரிப்பவர் பற்றற்றவராக இருந்தால்தான் விசாரணை தூயதாகும் என்பது அவ்விலக்கணம். சுஜாதாவின் கணேஷ், வசந்த் வரையிலும் இது பெரிதாகக் குலையவில்லை.

ஸ்காண்டிநேவியாவில் இம்மாற்றம் ஸ்வீடனைச் சேர்ந்த மாய் ஷோவால், பெர் வாலோ இணையர் எழுதிய மார்ட்டின் பெக் வரிசையில் (1965–1975, பத்துப் புதினங்கள்) உறுதிப்படுகிறது. பெக்கின் திருமணம் பத்து நூல்களின் ஓட்டத்தில் தளர்ந்து முறிகிறது. 1991இல் தொடங்கிய ஹென்னிங் மான்கெலின் வாலாண்டர் வரிசையில் தந்தையும் மகளும் நிலையான கதைமாந்தர்கள். அங்கெல்லாம் குடும்பம் என்பது பெரும்பாலும் புலனாய்வாளரின் நிகழ்காலச் சுமை, பணியின் விலை. எர்லெந்துரிடம் இந்நிகழ்காலச் சுமை குறைவில்லாமல் உண்டு: விட்டுப் பிரிந்த மனைவி ஹல்தோரா, போதைப்பழக்கத்தில் சிதையும் மகள் ஏவா லிண்ட், குடியிலிருந்து மீள முயலும் மகன் சிந்திரி. ஆனால் அச்சுமைக்குக் கீழே பனிக்குள் புதைந்த சிறுவன் ஒருவன் இருக்கிறான். மேலிருப்பதைக் கீழிருப்பது எவ்வாறு அழுத்துகிறது என்பதைப் புதினங்கள் உடனே விளக்குவதில்லை.

அர்னால்துரின் சொந்த இலக்கியப் பின்புலத்தை இங்குக் குறிப்பிடுதல் பொருந்தும். அவர் தந்தை இந்த்ரிதி தோர்ஸ்தேன்சன் (1926–2000) ஐஸ்லாந்தின் குறிப்பிடத்தக்க புனைகதையாளர். நாட்டுப்புறத்தை விட்டு ரேக்யவிக் வந்து வாடகைக் கார் ஓட்டும் ஒருவனைப் பற்றிய அவருடைய 1955ஆம் ஆண்டுப் புதினம் போருக்குப் பிந்தைய இடப்பெயர்வின் ஆவணமாகவே மதிக்கப்படுகிறது. எர்லெந்துரும் பண்ணை வீட்டிலிருந்து தலைநகருக்கு வந்தவர். நகரில் ஒருபோதும் வேரூன்றாதவர். ‘எர்லெந்துர்’ என்னும் ஆண்பெயர் ஐஸ்லாந்திய மொழியில் ‘அயல்நாட்டு’ எனப் பொருள்படும் பெயரடைச் சொல்லும் ஆகும். தந்தை எழுதிய இடப்பெயர்வுக் கதையை மகன் குற்றப்புதினமாக மாற்றி எழுதினார் என்று துணிந்து கூறலாம்.

கொலையினும் காணாமற்போதல்

ஐஸ்லாந்தில் துப்பறியும் புதினம் எழுதுவதற்கு ஒரு நடைமுறை இடையூறு உண்டு. 2000ஆம் ஆண்டளவில் மக்கள்தொகை ஏறத்தாழ 2,80,000. கொலைகளோ மிக அரிது. தொடர்கொலையாளிகளையும் சதிக்கும்பல்களையும் அங்கே நிறுத்தினால் வாசகர் நம்பமாட்டார். இவ்விடையூறே அர்னால்துருக்கு வாய்ப்பாயிற்று. அந்நாட்டில் மக்கள் கொல்லப்படுவது அரிதே தவிர, காணாமற்போவது அரிதன்று. கடல், ஏரி, பனியாறு, மலைமேடு ஆகியன ஆட்களை விழுங்கிக் கொள்கின்றன. மலைமேட்டுப் பாதைகளில் வழிதவறி மாண்டோர், தப்பியோர் பற்றிய இன்னல் வரலாறுகள் அங்குத் தனி எழுத்து வகையாகவே வளர்ந்துள்ளன. எர்லெந்துர் இரவுகளில் படிப்பவை இந்நூல்களே.

காணாமற்போதல் அந்நாட்டின் நீதித்துறை வரலாற்றிலும் ஆறாத புண். 1974இல் இருவர் வெவ்வேறு மாதங்களில் காணாமற்போயினர். உடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. ஒப்புதல் வாக்குமூலங்களை நம்பி ஆறு பேர் தண்டிக்கப்பட்டனர். 2018இல் உச்ச நீதிமன்றம் அவர்களுள் ஐவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. உடல் இல்லாத இடத்தில் குற்றவாளியை உருவாக்கிவிடும் அவசரம் எத்தகையது என்பதற்கு இது சான்று. எர்லெந்துரின் இளமைக்காலத்தைச் சொல்லும் 2012ஆம் ஆண்டுப் புதினம் இதே 1974ஆம் ஆண்டில், நாட்டில் குடியேற்றம் நிகழ்ந்த 1100ஆம் ஆண்டுவிழாவின் பின்னணியில், காணாமற்போன ஒரு பெண்ணைத் தேடும் கதையாக அமைந்திருப்பது கருதத்தக்கது.

காணாமற்போதலின் இலக்கணம் கொலையின் இலக்கணத்திலிருந்து வேறானது. இறப்பு உறுதிப்பட்டால் புலம்பலுக்கு வடிவம் கிடைக்கும். தமிழ் மரபில் புறத்திணைத் துறைகள் இதனைத் தெளிவாகக் காட்டுகின்றன. கையறுநிலை இறந்தவர் இன்னார் என அறிந்த பின்னரே பிறக்கும். பாழிடத்தில் கணவனை இழந்து தனித்த பெண்ணின் புலம்பலாகிய முதுபாலை இன்னும் நெருங்கிய துறை. வழியிடை இழப்பு, உதவியற்ற தனிமை, பாழ்நிலம் என எல்லாம் எர்லெந்துரின் மலைமேட்டை நினைவூட்டும். ஆனால் முதுபாலையிலும் உடல் அருகில் உள்ளது. புறநானூறு 256ஆம் பாடலில் அப்பெண் குயவனிடம் வேண்டுவது ஈமத்தாழி; அதில் இடுவதற்கு ஓர் உடல் உண்டு என்பதே அவ்வேண்டுகோளின் அடிப்படை. பாலை நிலத்தில் வீழ்ந்தோர்மேல் கல்குவித்த பதுக்கையும் அவ்வாறே. இடம் தெரிந்தால்தான் கல் வைக்க முடியும். உடலும் இல்லை, இடமும் இல்லை எனும்போது எத்துறையில் அழுவது என்பதற்குத் தொல்காப்பியப் புறத்திணையியல் தனித்துறை வகுக்கவில்லை. இவ்வொப்பீட்டின் நோக்கம் ஐஸ்லாந்தியப் புதினங்களுக்குத் திணைப்பெயர் சூட்டுவதன்று. அவ்வாறு சூட்டுதல் எளிது. அதனால் பெறப்படுவது குறைவு. இழப்பின் வடிவங்களை நுணுகி வகுத்த ஒரு மரபின் வரையறைகள், வடிவம் பெறாத இழப்பு எது என்பதையும் எதிர்நிலையில் காட்டித் தருகின்றன என்பதே இங்குக் கொள்ளத்தக்கது.

எர்லெந்துர் புதினங்கள் அவ்வடிவமற்ற துயரத்திற்கு வேறோர் உருவம் தேடுகின்றன. அவ்வுருவம் விசாரணை. அழ முடியாதவர் தேடுகிறார்.

‘மிரின்’: தந்தையைத் தேடும் மற்றொருவன்

2000இல் வெளிவந்த ‘மிரின்’ (சதுப்புநிலம்) வரிசையின் மூன்றாம் நூல். நார்டிக் நாடுகளின் சிறந்த குற்றப்புதினத்திற்குரிய கண்ணாடித் திறவுகோல் விருதை 2002இல் பெற்றது. 2006இல் பால்தசார் கோர்மாகூர் இதனைத் திரைப்படமாக்கினார். ஹோல்பெர்க் என்னும் முதியவர் தம் வீட்டில் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். அங்குக் கிடைத்த புகைப்படம் 1968இல் நான்கு வயதில் இறந்த சிறுமி ஒருத்தியின் கல்லறையைக் காட்டுகிறது. ஹோல்பெர்க் பல ஆண்டுகளுக்கு முன் பாலியல் வன்முறை புரிந்தவர் என்பதும், மரபுவழி நோய் ஒன்று அவரிடமிருந்து அவர் அறியாத பிள்ளைகளுக்குக் கடந்துள்ளது என்பதும் படிப்படியாகத் தெரிகின்றன.

இக்கதையின் உண்மையான புலனாய்வாளர் எர்லெந்துர் அல்லர். மரபணு ஆய்வு நிறுவனத்தில் பணிபுரியும் எய்னார் என்னும் இளைஞனே முதலில் துப்பறிந்தவன். தன் மகளைப் பறித்த நோயின் மூலத்தைத் தேடித் தகவல்தளத்திற்குள் புகுந்தவன், தன்னை வளர்த்தவர் தன் தந்தை அல்லர் என்றும், ஹோல்பெர்கே தன் பிறப்புக்குக் காரணமானவர் என்றும் கண்டறிகிறான். அதன் பிறகே கொலை நிகழ்கிறது. ஈடிப்பசின் கதை இங்குத் தலைகீழாகிறது. ஈடிப்பசு தந்தையைக் கொன்றபின் அறிந்தான். எய்னார் அறிந்தபின் கொல்கிறான்.

இப்புனைவுக்குப் பின்னால் உண்மையான பொதுவிவாதம் ஒன்று உள்ளது. 1996இல் தொடங்கப்பட்ட டிகோட் நிறுவனத்திற்காக நாட்டு மக்கள் அனைவரின் மருத்துவப் பதிவுகளையும் ஒரே தளத்தில் திரட்ட வழிவகுக்கும் சட்டம் 1998 திசம்பரில் ஐஸ்லாந்து நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2003இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் காப்புகள் போதாதவை எனத் தீர்ப்பளித்தது. இறந்த தன் தந்தையின் பதிவுகளைச் சேர்ப்பதை எதிர்த்து ஒரு பெண் தொடுத்த வழக்கு அது. தந்தையின் தகவல் மகளைப் பற்றியும் பேசும் என்பதை நீதிமன்றம் ஏற்றது. குடும்பத்தின் கடந்த காலம் யாருக்கு உரியது என்னும் வினா நீதிமன்றத்தை எட்டுவதற்கு மூன்றாண்டு முன்பே ‘மிரின்’ அதனைப் புனைவில் எழுப்பியிருந்தது.

எய்னாருக்கும் எர்லெந்துருக்கும் இடையிலுள்ள வேறுபாடு இக்கட்டுரைக்கு முதன்மையானது. எய்னாரின் துயரத்திற்குக் காரணமானவர் ஒருவர் உண்டு, முகவரியும் உண்டு. ஆகவே அவன் தேடல் முடிவுக்கு வருகிறது, பேரழிவாகவேனும். எர்லெந்துருக்கு அந்தக் கொடிய வாய்ப்பும் இல்லை. புயலை யார் தண்டிப்பது?

‘கல்லறை மௌனம்’: கேளாத செவிக்குச் சொல்லப்படும் கதை

2001ஆம் ஆண்டுப் புதினமான ‘கிராவர்தோக்ன்’ (கல்லறை மௌனம்) இவ்வரிசையின் உச்சம். 2003இல் கண்ணாடித் திறவுகோல் விருதையும், 2005இல் பிரித்தானியக் குற்றப்புனைகதையாளர் சங்கத்தின் தங்கக் குத்துவாள் விருதையும் பெற்றது. குழந்தையின் பிறந்தநாள் விருந்தில் தவழும் மகவு ஒன்று எதையோ மென்றுகொண்டிருக்கிறது. அது மனித எலும்பு. நகர விளிம்பில் புதிதாக எழும் குடியிருப்பின் கடைக்கால் குழியிலிருந்து அது வந்துள்ளது.

எலும்புக்கூட்டை வெளியெடுக்கும் பணியை எர்லெந்துர் தொல்லியலாளர்களிடம் ஒப்படைக்கிறார். அவர்கள் தூரிகையும் சிறுகரண்டியும் கொண்டு மண்ணை அடுக்கடுக்காக நீக்குகின்றனர், நாள்கள் செல்கின்றன. காவல்துறையின் விரைவுக்கு இது முற்றிலும் மாறானது. புதினத்தின் கால அளவை நிர்ணயிப்பது இவ்வகழாய்வின் வேகமே. உடல் முழுவதும் வெளிப்படும்வரை அது ஆணா பெண்ணா, ஒன்றா பலவா என்பது தெரியாது. ஆகவே விசாரணை, யாரைத் தேடுகிறோம் என்று அறியாத தேடலாகிறது. அர்னால்துர் இங்குக் கதையை நீட்டும் உத்தியாக மட்டும் இதைக் கையாளவில்லை. இறந்தவர் வெளிப்படுவதற்கு அவருக்கே உரிய காலம் உண்டு என்னும் மதிப்பு அதில் உள்ளது. விசாரணைக்கு இணையாக இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அதே குன்றில் வாழ்ந்த குடும்பத்தின் கதை ஓடுகிறது. கணவன் கிரிமூரின் கொடுமையில் நசுங்கும் தாய், உடற்குறை கொண்ட மகள் மிக்கெலினா, மகன்கள் சீமோன், தோமாஸ். 1940 மே மாதத்தில் பிரித்தானியப் படை ஐஸ்லாந்தில் இறங்கியது. அடுத்த ஆண்டில் அமெரிக்கர் வந்தனர். குன்றின்மேல் எழும் படைக்கிடங்கு அக்குடும்பத்தின் விதியில் குறுக்கிடுகிறது. நெடும்பகுதி வரை அத்தாய்க்குக் கதையில் பெயரே இல்லை. கணவன் அவளுக்குச் சூட்டும் வசைகள்தாம் அவள் பெயர்கள். அவள் பிறப்பைப் பற்றி அவன் புனையும் இழிகதையும் அவ்வாறே, 1910இல் ஹேலி வால்மீன் தோன்றிய இரவோடு முடிச்சிடப்பட்டது. ஒருவரின் குடும்ப வரலாற்றையே அவரை அடிக்கும் கோலாக்குதல் எவ்வாறு நிகழும் என்பதை இதனினும் கூர்மையாகக் காட்டிய குற்றப்புதினங்கள் சிலவே.

இந்நூலில்தான் எர்லெந்துர் தம்பியின் கதையை விரிவாகச் சொல்கிறார். சொல்லப்படும் சூழல் கவனத்திற்குரியது. கருவுற்ற ஏவா லிண்ட் குருதியிழந்து, கருவை இழந்து, நினைவின்றி மருத்துவமனையில் கிடக்கிறாள். அவளோடு பேசிக்கொண்டிருங்கள் என மருத்துவர் கூறுகிறார். எர்லெந்துருக்குப் பேசத் தெரியாது. மகளோடு பகிர்ந்த வாழ்க்கையே இல்லாதவருக்குச் சொல்ல என்ன இருக்கும்? பல நாள் தடுமாற்றத்திற்குப் பின் அவர் சொல்வது பனிப்புயலின் கதை.

வழக்கமான துப்பறியும் புதினத்தில் புலனாய்வாளரின் கமுக்கம் வாசகருக்கான வெடிப்பாக வைக்கப்படும். இங்கே அது வாக்குமூலமாக அமைகிறது. ஆனால் கேட்பவர் கேட்கும் நிலையில் இல்லை. சொல்லுதலே செயல். இதனால் தம்பியின் மரணம் பற்றிய புதிய தகவல் எதுவும் வெளிப்படுவதில்லை; வெளிப்படுவது தந்தைக்கும் மகளுக்கும் இடையிலான வெற்றிடம். பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது எர்லெந்துர் வீட்டைவிட்டு வெளியேறியவர். பிறகு அவர்களைப் பார்க்கவில்லை. பிள்ளைகளின் நோக்கில் அவரே காணாமற்போன ஆள். பெர்கூரின் கையை விட்டவர் என்னும் குற்றவுணர்வால் ஆட்கொள்ளப்பட்டவர், ஏவாவின் கையையும் சிந்திரியின் கையையும் தாமே விட்டுச் சென்றார். முன்னது விபத்து, பின்னது தெரிவு. இவ்வரிசையில் குற்றவாளி எனச் சுட்டத்தக்கவர் ஒருவர் இருப்பாரெனில், அது மலைமேட்டில் நிகழ்ந்த நிகழ்வில் இல்லை. பல ஆண்டுகளுக்குப் பின் ரேக்யவிக்கின் ஓர் இல்லத்தில் நிகழ்ந்த பிரிவில் உள்ளது. எர்லெந்துரின் துயரம் அவரைச் சிறந்த புலனாய்வாளராக்கியது எனக் கூறுவது இவ்வரிசை குறித்த பொதுவான வாசிப்பு. அவ்வாசிப்பு அவருடைய பிள்ளைகளைக் கணக்கில் கொள்வதில்லை.

அச்சில் ஏறிய துயரம்

அடுத்த நூல்களில் இம்மையம் வெவ்வேறு உருவில் திரும்புகிறது. 2002ஆம் ஆண்டுப் புதினத்தில் விடுதியின் அடித்தளத்தில் கொல்லப்படுபவர் முன்னாளில் இளம்பாடகராகப் புகழ்பெற்று, குரல் உடைந்ததால் தந்தையின் வெறுப்புக்கு ஆளானவர். 2005ஆம் ஆண்டுப் புதினத்தில் தாய்லாந்துத் தாய்க்குப் பிறந்த சிறுவன் பனியில் இறந்து கிடக்கிறான், எஞ்சியிருப்பவன் அண்ணன். இவ்வொத்திசைவுகள் சில இடங்களில் மிகையாகின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வழக்கும் புலனாய்வாளரின் புண்ணுக்குக் கண்ணாடியாக வந்து நிற்குமெனில், பிறர் துயரம் அவருடைய துயரத்திற்கு உவமையாகக் குறைந்துவிடும்.

2007ஆம் ஆண்டுப் புதினம் இக்குறையிலிருந்து தப்புகிறது. அதன் மூலத் தலைப்பு ‘ஹர்த்ஸ்காவி’. எர்லெந்துரின் பிறந்தகத்துக்கு அருகில் எழும் மலையின் பெயர். ஆங்கில மொழிபெயர்ப்பில் அது உடல் வெப்பக்குறைவைச் சுட்டும் மருத்துவச் சொல்லாக மாறிற்று. கதைக்கு அச்சொல் பொருந்துவதே. ஆயினும் ஓரிடத்தின் பெயராக நின்ற துயரம் ஓர் உடல்நிலையின் பெயராகச் சுருங்கியது இழப்பே. ஏரிக்கரை ஓய்வில்லத்தில் மரியா என்னும் பெண் தூக்கிட்டு இறந்துள்ளாள். தற்கொலை என முடிக்கப்பட்ட அதில் வழக்கென்று எதுவும் இல்லை. எர்லெந்துர் எவ்வதிகாரமும் இன்றி விசாரிக்கிறார். உடனாக, முப்பதாண்டுகளுக்கு முன் காணாமற்போன இளைஞனின் தந்தை ஆண்டுதோறும் காவல் நிலையத்துக்கு வந்து மகனைப் பற்றிக் கேட்டுச் செல்லும் கிளைக்கதை இணைகிறது. அம்முதியவர் இப்போது சாவை எதிர்நோக்கியிருக்கிறார். கோப்பை மூடிவிட நிறுவனத்துக்கு எல்லா நியாயமும் உண்டு. எர்லெந்துர் மட்டும் மூடுவதில்லை. இங்கே பிறர் துயரம் உவமையாகக் குறையவில்லை. தம் வழக்கில் தமக்குக் கிட்டாததை மற்றொருவருக்கு ஈட்டித்தரும் கடப்பாடாக அது மாறுகிறது.

இப்புதினத்தில் தம்பியின் கதை ஏவா லிண்டின் கைக்கு அச்சு வடிவில் வருகிறது. மலைமேட்டு இன்னல்களைத் தொகுத்த ஒரு நூலில் அக்குடும்பத்தின் துயரமும் ஒரு கட்டுரையாக இடம்பெற்றுள்ளது. தந்தை அதை மகளிடம் கொடுக்கிறார். முன்பு நினைவிழந்த செவிக்குச் சொன்னதை இப்போது விழித்திருக்கும் கண்ணுக்குத் தருகிறார், ஆயினும் தம் சொல்லால் அன்று. வாழ்நாளெல்லாம் பிறருடைய இன்னல் வரலாறுகளைப் படித்துவந்தவர் தாமே அவ்வகை நூலொன்றின் கதைமாந்தர் என்பது வாசகருக்கு இவ்விடத்தில் முழுமையாக விளங்குகிறது. அவர் படிப்பது பொழுதுபோக்கன்று. தம் கதையின் பிற பாடங்களை ஒப்புநோக்கும் வேலை. சுவடிகளை ஒப்பிடும் பதிப்பாசிரியரின் பிடிவாதம் அதில் தெரிகிறது. மூலம் மட்டும் அகப்படுவதில்லை.

‘விந்தைக் கரைகள்’: உண்மை யாருக்கு?

2010இல் வெளிவந்த ‘ஃபுர்துஸ்திரான்திர்’ (விந்தைக் கரைகள்) எர்லெந்துரை விடுப்பில் கிழக்குக்கு அனுப்புகிறது. கூரை சிதைந்த பழைய பண்ணை வீட்டின் தரையில் அவர் உறங்குகிறார். ரேயிதார்ஃபியோர்துரில் அலுமினிய உருக்காலையும் அதற்கு மின்சாரம் தரும் காராஹ்ன்யூகர் அணையும் வந்து நிலப்பகுதியே மாறிய காலம் அது. குள்ளநரி வேட்டைக்காரர் போவாசின் பேச்சிலிருந்து மற்றொரு காணாமற்போதல் எழுகிறது. 1942 சனவரியில் பிரித்தானியப் படைவீரர் கூட்டம் ஒன்று மலைமேட்டில் புயலில் சிக்கிய இரவில், மதில்துர் என்னும் பெண் தாய்வீட்டுக்கு நடந்து புறப்பட்டவள் மறைந்தாள். வீரர்கள் உயிரோடோ பிணமாகவோ கிடைத்தனர். அவள் கிடைக்கவில்லை.

இங்கே எர்லெந்துருக்குச் சீருடையும் இல்லை, ஆணையும் இல்லை. தொடர்புடையோர் பெரும்பாலும் இறந்துவிட்டனர்; எஞ்சியோர் முதியோர். மதில்துரை நேசித்த எஸ்ரா அறுபதாண்டுகளுக்கு மேலாகத் தன்னுள் பூட்டிவைத்ததை எர்லெந்துர் விடாது கேட்டுக் கேட்டு வெளியே இழுக்கிறார். இரவில் கல்லறையைத் தோண்டுமளவுக்குச் செல்கிறார். நீதிக்காக என்று சொல்ல இயலாது. தண்டிக்கப்பட வேண்டியவர் மண்ணுக்குள் இருக்கிறார். மதில்துரின் உறவினருக்காக என்பதும் ஓரளவே உண்மை. அறிய வேண்டும் என்னும் வேட்கை அறத்தின் எல்லையைத் தாண்டும் இடம் இது. துப்பறியும் புதினம் தன் நாயகரின் வினவும் உரிமையை ஐயுறுவது அரிது. அர்னால்துர் அதனை ஐயுறுகிறார், தம் நாயகர்மேல் இரக்கம் குன்றாமல். வாய்மொழி வரலாறும் நினைவுகளும் திரட்டும் ஆய்வுலகிற்கும் இவ்வையம் அயலானதன்று. முதியவர் ஒருவரின் மௌனத்தை உடைப்பதற்கு ஆய்வின் தேவை போதிய காரணமாகுமா என்பதைக் களப்பணியில் ஈடுபட்டோர் நன்கறிவர்.

புதினத்தின் கட்டமைப்பு இவ்வையத்திற்கு வடிவம் தருகிறது. விசாரணைப் பகுதிகளுக்கு இடையிடையே, கடுங்குளிரில் கிடக்கும் ஒரு மனிதனின் நினைவோட்டம் சிறு துண்டுகளாக வருகிறது. தொடக்கத்தில் அது யாருடையது, எப்போதையது என்பது தெளிவில்லை. விசாரணை முன்னேற முன்னேற அத்துண்டுகள் எர்லெந்துரை நெருங்குகின்றன. மதில்துரின் வழக்கில் அவர் விடையை அடையும் அதே அளவில், குளிரில் கிடக்கும் மனிதன் உலகிலிருந்து விலகுகிறான். ஒரு கதைப்போக்கு வெளிச்சத்துக்கு வருகையில் மற்றொன்று பனிக்குள் இறங்குகிறது. துப்பறியும் வடிவம் தரவேண்டிய விடுதலையை முழுமையாகத் தந்துவிட்டு, அது எர்லெந்துருக்கு எட்டாததையும் உடன் காட்டுகிறது இவ்வமைப்பு. அவருடைய முடிவைப் புதினம் நேராக அறிவிப்பதில்லை. தம்பியைத் தேடி மலைமேட்டுக்குச் செல்பவர் தம்பி இருந்த நிலையை அடைகிறார் என்பதோடு நின்றுவிடுகிறது.

இம்முடிவு இருவகை வாசிப்புக்கு இடமளிக்கிறது. நழுவிய கையை மீண்டும் பற்றச் சென்றார் எனக் கொள்வோர் அதில் அமைதி காண்பர். ஏவா லிண்டும் சிந்திரியும் நின்ற இடத்திலிருந்து நோக்கினால், தந்தை இரண்டாம் முறையாக, இம்முறை மீளாதவாறு, காணாமற்போயிருக்கிறார். 2008, 2009ஆம் ஆண்டுகளில் வெளிவந்த முந்தைய இரு புதினங்களில் எலின்போர்க், சிகுர்துர் ஓலி ஆகிய துணைப் புலனாய்வாளர்கள் மையத்தில் நிற்க, எர்லெந்துர் எங்கே என்னும் வினா பின்னணியில் ஒலித்துக்கொண்டே இருந்தது. கிழக்குக்குச் சென்றவரிடமிருந்து செய்தி இல்லை. உடன்பணிபுரிவோர் எவரும் அவரைத் தேடி உடனே புறப்படவுமில்லை. வாழ்நாள் முழுதும் காணாமற்போனோரின் கோப்புகளைத் திறந்துவைத்திருந்தவர் தாமும் அத்தகைய கோப்பாக மாறுவதற்கான ஆயத்தம் இவ்விரு நூல்களிலேயே நிகழ்ந்துவிட்டது. 2010க்குப் பின் ஆசிரியர் எர்லெந்துரின் கதையை முன்னோக்கி நகர்த்தவில்லை; 2012, 2014ஆம் ஆண்டுகளில் வந்த புதினங்கள் அவருடைய இளமைக்குத் திரும்பின. அவற்றுள் முன்னதில் அவர் சீருடை அணிந்த இளங்காவலர். பிள்ளைகளைப் பிரியும் நாள் அதில் இன்னும் வரவில்லை. தம்பி மட்டும் அப்போதும் இல்லை.